வாய் இரண்டு தடவை திறக்கிறது

1

பென்டில் ஹில் போகும் ரயிலில் எதிரே இருந்த பெண், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து ஒரு சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். என்ன சொல் என்று கேட்க எனக்குக் கூச்சம். கேட்டிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டி வந்திருக்காது.

2

தொடக்கம்: சிட்னியில் அன்று மழை பெய்து— வேண்டாம்.

இன்னொரு தொடக்கம்: அவளுக்கு நிரூபா என்று பெயர் வைக்கிறேன். ஜப்பானியக் கார்ட்டூன்களுக்கு ஆங்கில வசனம் எழுதுவது அவள் வேலை. படத்தில் வாய் எத்தனை தடவை திறக்கிறதோ, அதற்குள் வசனம் அடங்க வேண்டும். வாயை மாற்ற முடியாது. சொல்லைத்தான் மாற்றலாம்.

3

(கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முன்பு இந்தக் கார்ட்டூன்களை மேற்கு நாடுகளுக்குக் கொண்டுவந்தவர்கள், குளிசைக்குச் சீனி பூசுவதுபோல் பெயர்களை மாற்றினார்கள், பாட்டை மாற்றினார்கள். சோற்றுருண்டையைக்கூட இனிப்புப் பணிஸ் ஆக்கினார்கள். பிள்ளைகள் ஜப்பான் என்றே தெரியாமல் விழுங்கினார்கள். வளர்ந்த பிறகு, சீனி வேண்டாம், மருந்தையே தாருங்கள் என்றார்கள்.

நிரூபாவும் விழுங்கியவள்தான். மூலத்தில் தங்கை, அக்காவை முறை சொல்லி 'நேச்சான்' என்று கூப்பிடுவாள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த சின்ன நிரூபா குசினிக்குள் ஓடிப்போய், "தாட்சாயினி!" என்றாள்.

அம்மா அகப்பையோடு திரும்பினாள். "அக்காவைப் பேர் சொல்லுறியோ?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து நிரூபாவின் வாயில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

4

போன மாதம், சிட்னியிலிருந்து விமானத்தில் போகவேண்டிய ட்ருகனினாவில் தாட்சாயினியின் புதுவீட்டுக் குடிபூரல்.* எல்லோர் முன்னாலும் அவள் மாமியார் கேட்டார்: "உங்கட வீட்டில மூத்தவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறதோ?"

"அவளின்ர பேரே அதுதானே, அன்ரி," என்றாள் நிரூபா.

சனம் சிரித்தது. தாட்சாயினி சிரிக்கவில்லை. அதன்பிறகு தங்கையின் போனை அவள் எடுக்கவே இல்லை.

[இவ்வளவுக்குக் கோபமா? எனக்கே சந்தேகம்தான். ஆனால் அந்த வீட்டில் தங்கி வாழப்போவது அவள். நிரூபா பகிடி விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டாள்.]

* பாயசம் நன்றாக இருந்தது. கதைக்குத் தேவையில்லை.

5

இப்போது நிரூபாவின் திரையில் கடைசிக் காட்சி. பிரிந்துபோன தங்கை அக்காவைக் கூப்பிடுகிறாள். வாய் இரண்டு தடவை திறக்கிறது. இரண்டாம் தடவை பெரிதாக.

"சிஸ்டர் எண்டு போடன்," என்றான் லக்சன், பக்கத்துக் கதிரையில் இருந்த ஒலிப்பதிவாளன்.

"இதென்ன கன்னியாஸ்திரி மடமோ?"

"அப்ப பேரைப் போடு."

"அதால வந்த வினையே போதும்."

"அப்ப நேச்சானையே விடு. சனம் இப்ப அதைத்தான் கேக்குது."

நிரூபா அந்த வாயோடு சேர்ந்து மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அக்... கா.

லக்சன் நிமிர்ந்தான். "அச்சொட்டாய்க் கிடக்கு! ஆனா வெள்ளைக்காரனுக்கு விளங்காதே."

"விளங்க வேண்டிய ஆள் ட்ருகனினாவில இருக்கு."

6

முடிவு: தாட்சாயினி அந்தப் படத்தைப் பார்த்து அழு— இல்லை. அவள் கார்ட்டூன் பார்ப்பதில்லை.

முடிவு: நிரூபா வட்ஸ்அப்பில் எழுதி— இல்லை. அந்தச் சொல்லை எழுதுவது சுலபம்.

முடிவு: ரயிலால் இறங்கியதும் நிரூபா போன் எடுத்தாள். இந்த முறை தாட்சாயினி எடுத்துவிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது.

நிரூபாவின் வாய் இரண்டு தடவை திறந்தது.

இங்கே நான் ஒலி போடவில்லை. வாய் இருக்கிறது, குரல் நீங்கள் கொடுங்கள். ரயிலில் இருந்து வாசித்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் சத்தமாக. அந்தப் பக்கம் அவள் இன்னும் போனை வைக்கவில்லை.