பூஜைக்குத் துடைத்த சர்வர்

கல்யாணராமன் ஆயுத பூஜையை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. திருநகரில் அவருடைய கம்பெனி இருந்த மாடியில் மேசை, நாற்காலி, பிரிண்டர், டீ ஃபிளாஸ்க் என்று எதுவும் அன்று சந்தனப் பொட்டுக்குத் தப்பவில்லை. ஏ.சி. ரிமோட்டுக்குக்கூடக் குங்குமம் வைத்தார். அதோடு குளிரைக் கூட்டும் பொத்தான் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. தெய்வச் செயல் என்று விட்டுவிட்டார்கள்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அரிசி ஆலைக்கும் எண்ணெய் ஆலைக்கும் பரவை மார்க்கெட் மண்டிகளுக்கும் பில் போடும் மென்பொருளை விற்றுவந்தார்கள். ஆட்கள் மூன்று பேர். முதலாளி கல்யாணராமன், ஊர் ஊராகப் போய் விற்கும் பாண்டிராஜ், மீதி எல்லா வேலைக்கும் ரோகிணி. அவள் அலங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டால் யோசித்துவிட்டுத்தான் பதில் வரும். அந்த இடைவெளியில் கல்யாணராமன் தானே ஒரு பதிலைச் சொல்லி, அதை அவள் சொன்னதாக எடுத்துக்கொள்வார். இப்படியே அவள் பல வேலைகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தாள்.

விஜயதசமி அன்றுதான் கடைக்காரர்கள் மென்பொருளின் புதிய பதிப்பில் கணக்கைத் தொடங்குவார்கள். அதைத் திறக்க ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி சாவி எண் மெயிலில் போக வேண்டும். அதுவும் ராகு காலம் பிறப்பதற்குள். அனுப்புவது சர்வரில் இருந்த ஒரு பழைய நிரல். ஜன்னல் இல்லை, படம் இல்லை, வெறும் கறுப்புத் திரை. ஒரு வரி கட்டளை தட்டினால் வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும். அந்த அலுவலகத்தில் ரோகிணிக்கு மனதுக்குப் பிடித்த ஒரே சகா அதுதான்.

விஜயதசமி காலையில் அவள் கட்டளையைத் தட்டினாள். நிரல் ஒரே வரியில் பதில் சொன்னது: இன்ன நூலகத்தைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை.

கணினிக்குள் நூலகம் என்பது பல நிரல்கள் பொதுவில் எடுத்து ஆளும் ஒரு துண்டு. இந்த நூலகத்தின் வேலை, மெயிலை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்புவது. மற்ற நிரல்களெல்லாம் அதன் புதிய பதிப்புக்கு மாறிவிட்டன. மெயில் நிரல் மட்டும் கிழம்; அதற்குப் பழையதுதான் இறங்கும். அதனால் ரோகிணி இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு அடுப்பு மாதிரி சண்டையில்லாமல் எரிந்துகொண்டிருந்தன.

"சார், சர்வர்ல யாராச்சும் கை வச்சாங்களா?"

கல்யாணராமனின் முகம் மலர்ந்தது. "நான்தாம்மா. பூஜைன்னா வெளியில மட்டும் துடைச்சாப் போறுமா? உள்ளயும் சுத்தம் பண்ணினேன். ஒரே பேர்ல ரெண்டு ரெண்டு ஃபைல் கெடந்தது. பழைய நம்பர் போட்டதை எல்லாம் எடுத்துக் கடாசிட்டேன். வீடியோ பார்த்தே கத்துண்டேன், தெரியுமோ?"

முதலாளிக்குத் தெரியாத பாஸ்வேர்டு கம்பெனியில் இருக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. பூஜையில் வைத்த எதையும் மறுநாள் வரை தொடக் கூடாது என்பதும் அவருடைய கொள்கைதான். ஆகவே அழித்ததன் பலனை யாரும் அன்றே ஓட்டிப் பார்க்கவில்லை. பேக்கப்பில் கடைகளின் கணக்குகள் இருந்தன, நூலகங்கள் இல்லை. அவற்றை எடுத்துவைக்காதது தன் பிழை என்று ரோகிணி மனதுக்குள் ஒப்புக்கொண்டாள்.

முதலில் ஒரு குறுக்கு வழியைப் பார்த்தாள். புதிய நூலகத்துக்குப் பழையதன் பெயரை மாட்டிவிட்டாள். நிரல் நம்பி உள்ளே போனது. போய், தனக்குப் பழக்கமான ஒன்றைக் கேட்டது. அது இல்லை என்றதும் படுத்துவிட்டது.

"என்னத்தா, மாறுவேசம் எடுபடலையா?" என்றான் பாண்டிராஜ்.

"ஆள் மாத்துனது தெரிஞ்சுபோச்சுண்ணே."

அடுத்து, பழைய பதிப்பை இறக்கி நிறுவப் பார்த்தாள். இந்தச் சர்வருக்கு அது இனிமேல் கிடையாது என்று வந்தது. வற்புறுத்தினாள். நிறுவும் நிரல் யோசித்து ஒரு தீர்வைச் சொன்னது: மெயில் நிரலையும், வாடிக்கையாளர் கணக்குகளை வைத்திருக்கும் நிரலையும், அவற்றோடு ஒட்டிய இன்னும் ஒரு பட்டாளத்தையும் நீக்கிவிட்டால் எந்தச் சிக்கலும் இருக்காது. சம்மதமா?

கல்யாணராமன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "ஆமான்னு குடும்மா. அதுவே வழி சொல்றது பாரு."

ரோகிணி இல்லை என்று தட்டினாள். அவர் தன் யோசனைக்கு மதிப்பில்லை என்பதுபோலத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

அதற்குள் பாண்டிராஜின் போன் அடிக்கத் தொடங்கியது. பரவையிலிருந்து மண்டிக்கார மொக்கையன். விளக்கேற்றிவிட்டு எம்புட்டு நேரம்தான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பது என்று அவர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

"இந்தா வந்துருச்சுண்ணே. சர்வர்ல சாமி உக்காந்துருக்கு. எந்திரிச்ச ஒடனே ஒங்களுக்குத்தான் மொத கீ."

"அந்தச் சாமிய எந்திரிக்கச் சொல்லுடா. எங்க கடைச் சாமிக்கு எண்ணெய் தீந்துபோச்சு."

ஒருவர் வைத்தால் அடுத்தவர். கல்யாணராமன் நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து, தன் லேப்டாப்பைத் திறந்து ஒரு மன்னிப்பு மெயில் எழுதலானார். எழுதி முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"எங்கள் தொழில்நுட்ப அலுவலர் செல்வி ரோகிணியின் கவனக்குறைவால் முக்கியமான கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன. தாமதத்துக்கு வருந்துகிறோம். எப்படி இருக்கு?"

விசைப்பலகையில் இருந்த ரோகிணியின் கை நின்றது.

அந்த மெயில் போகும் முகவரிகளில் ரெங்கம்மாளுடையதும் உண்டு. திருமங்கலம் ரோட்டில் எண்ணெய் ஆலை நடத்துகிறவர். எங்கள் கம்ப்யூட்டர் அத்தனையையும் நீயே வந்து பார்த்துக்கொள், விஜயதசமி கழித்துச் சேர்ந்துகொள் என்று போன மாதம்தான் அவளிடம் சொல்லியிருந்தார். ரோகிணி இன்னும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இங்கிருந்து வெளியேற அவளுக்கு அந்த ஒரு கதவுதான் திறந்திருந்தது. கோப்பை அழிக்கிற பெண்ணை எந்த ஆலையில் வைத்துக்கொள்வார்கள்?

"அழிச்சது நான் இல்லையே சார்."

"அது எனக்குத் தெரியாதா? ஆனா கஸ்டமருக்கு ஒரு பேர் சொல்லியாகணும். என் பேரைப் போட்டா கம்பெனி மேலயே நம்பிக்கை போயிடும். ஒன் பேர்னா ரெண்டு நாள்ல மறந்துடுவா."

"பேரே இல்லாமப் போடலாம்ல சார்?"

"பேர் இல்லாத மன்னிப்பை எவன் நம்புவான்? சரி, சீக்கிரம் அதைச் சரி பண்ணு. கீ போனதும் இதையும் அதுலயே அனுப்பிடணும், கஸ்டமர் அட்ரஸெல்லாம் அங்கதானே இருக்கு. மெயில்ல போனாத்தான் மரியாதை."

தன்மேல் பழி போடும் மெயில் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் தானே மெனக்கெட்டு உட்கார்ந்து வழி உண்டாக்குவது என்ன மாதிரியான உத்தியோகம் என்று ரோகிணிக்கு விளங்கவில்லை. விரலை எடுத்துவிட்டால் பழி சுமந்த அந்த மெயிலும் போகாது. ஆனால் சாவியும் போகாது. மொக்கையன் விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

பழைய நூலகம் வேறு எங்கே மிஞ்சியிருக்கும் என்று யோசித்தாள். பிறகு எழுந்து மாடிப்படிக்குக் கீழே போனாள். வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் எந்திரத்தோடு ஒரு பழைய கணினி அங்கே சுவரைப் பார்த்துக் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் புதுப்பித்ததில்லை. தாமதமாக வருகிறவர்களைக் காட்டிக்கொடுக்கிற சாமான் என்பதால் பாண்டிராஜ் அதற்குப் பொட்டு வைக்காமல் தாண்டிப் போயிருந்தான். கல்யாணராமனுக்கோ அது கணினி என்பதே தெரியாது. அவருடைய சுத்தம் அதுவரை எட்டவில்லை. பழைய நூலகம் உள்ளே பத்திரமாக இருந்தது.

பென் டிரைவில் ஏற்றி மேலே கொண்டுவந்தாள். நிரல் அதை ஏற்றுக்கொண்டு, அதன் பங்காளி நூலகம் எங்கே என்று கேட்டது. அதையும் போய் எடுத்து வந்தாள். இரண்டையும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனி இடத்தில் வைத்து, மெயில் நிரலுக்கு மட்டும் அந்த இடத்தைக் காட்டிவிட்டாள். சோதனைக்கு ஒன்று அனுப்பினாள். கல்யாணராமனின் போன் கிணுகிணுத்தது.

"பேஷ். நான் சொன்னேனோல்லியோ, சின்ன விஷயம்னு."

அப்படி அவர் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ரோகிணி சாவி எண்களை அனுப்பினாள். கறுப்புத் திரையில் பெயர்கள் வரிசையாக மேலே ஓடி நின்றன. ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அந்த மன்னிப்ப நீங்களே அனுப்பிக்கங்க சார்."

"நானா?"

"நான் அனுப்பல."

கல்யாணராமன் நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக்கோடு அவருக்காக மினுக்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்த கட்டளை வீடியோவில் கற்ற அந்த ஒன்றே ஒன்றுதான். அதை இப்போது தட்டிப் பார்க்க அவருக்கே துணிச்சல் இல்லை. பாண்டிராஜைப் பார்த்தார். பாண்டிராஜ் மின்விசிறியைப் பார்த்தான்.

பிறகு அவருக்குப் பளிச்சென்று ஒரு வழி தோன்றியது. போனை எடுத்தார். வாடிக்கையாளர்களின் வாட்சப் குரூப்பில் அந்த மன்னிப்பை அப்படியே ஒட்டி, கூப்பிய கைகள் படம் இரண்டையும் சேர்த்துப் போட்டார். பழி போய்ச் சேர எந்த நூலகமும் தேவைப்படவில்லை.

வணக்கங்களும் வாழ்த்துகளும் பூச்செண்டுகளும் வந்து குவிந்தன. நடுவில் ரோகிணியின் போன் அடித்தது. ரெங்கம்மாள். ஒரு கணம் அவளுக்கு எடுக்கத் தோன்றவில்லை. எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"கீ வந்துருச்சு ரோகிணி. வாட்சப்பும் வந்துச்சு. அழிச்சது நீயா?"

"இல்லம்மா. அழிச்சவரு இங்கனதான் இருக்காரு. பேசுங்க."

போனை அவர் பக்கம் நகர்த்தினாள். கல்யாணராமன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நமஸ்காரம்மா. அது வந்து, ஆயுத பூஜை பாருங்கோ, எல்லாருமாச் சேர்ந்து சுத்தம் பண்றச்சே..."

"எல்லாரும்னா யாருங்க?"

அவர் இன்னொரு முறை பாண்டிராஜைத் தேடினார். அவன் இன்னமும் மின்விசிறியை விட்டு இறங்கவில்லை.

"நான்தான் பண்ணினேன்."

"அப்ப குரூப்புல மாத்திப் போடுங்க. அந்தப் பிள்ளைய அடுத்த வாரம் எங்க ஆலைக்கு எடுக்குறேன். எங்க ஆளு பேரு ஊருக்குள்ள கெட்டுக் கெடக்கக் கூடாது."

போன் அணைந்தது. எடுக்குறேன் என்ற சொல் கல்யாணராமனுக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. ரோகிணியை நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவள் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.

"பேர் போட்டே ஆகணுமா, பாண்டி?"

"இனிஷியலோட போடுங்க சார். இல்லாட்டி எவன் நம்புவான்?"