ராசம்மாள் மனையில் விழுந்த நிழல்

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக ராசம்மாள் வாங்கிய மனையில், கத்திரி பிறந்த அன்று காலை ஒரு வீட்டின் நிழல் விழுந்தது. வீடு இல்லை. செங்கல்கூட இறங்கவில்லை. நாலு மூலையில் நாலு கல்லும், நடுவே முளையடித்துக் கட்டிய பசுவும்தான் இருந்தன. பசு, பக்கத்து வயல்காரர் அமிர்தலிங்கத்திடம் இரவல் வாங்கியது. வீடு கட்டுமுன் மனையில் மாட்டைக் கட்டி அது எங்கே படுக்கிறது என்று பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கத்திரியில் கடைக்கால் போடக் கூடாது, பார்த்துக்கொண்டிருக்கத் தடையில்லை. பசு நிழலைக் கண்டது, போய்ப் படுத்தது, அசைபோட்டது. ராசம்மாள் கால்நடைப் பண்ணைத் தொழுவத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். மாடு ஒரு இடத்தை ஒத்துக்கொண்டால் அவளுக்கு அதற்குமேல் பேச்சே இல்லை. குடையை மடக்கிவிட்டுப் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நிழல் ஒழுங்கு மரியாதையாகவே நடந்துகொண்டது. காலையில் மேற்கே நீளும், உச்சியில் ஒடுங்கும், சாயங்காலம் கிழக்கே போய் வாய்க்காலைத் தொடும். ஒரே தளம், முன்னால் சின்னதாய் ஒரு தாழ்வாரம், பக்கவாட்டில் ஒரு கொடி, கொடியில் ஒரு புடவை. ஊர் வந்து பார்த்தது. உளுந்து இந்த வாரம் என்ன விலைக்குப் போகிறது என்று பேசிக்கொண்டே திரும்பிப் போனது. ராசம்மாளால் அப்படிப் போக முடியவில்லை. புருஷன் போன பன்னிரண்டு வருஷமாகத் தனக்கு மட்டும் உலை வைத்து அலுத்துப்போனவள் அவள். கனடாவில் இருக்கும் ஒரே மகன் பகலவன், மாடியில் ரெண்டு ரூம் போடச் சொல்லியிருந்தான். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்துவிடுகிறேன் என்றிருந்தான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மனையே வாங்கினாள். அதனால் நிழலில் மாடி தெரிகிறதா, கொடியில் ஒரு சட்டையாவது, ஒரு குழந்தைக் கவுனாவது காய்கிறதா என்று இருபத்தைந்து நாளும் கண் பூக்கப் பார்த்தாள். புடவைதான். அதுவும் ஒன்றே ஒன்று. கடைசி நாள் ஆத்திரம் தாங்காமல் மண்ணை வாரி நிழல்மேல் இறைத்தாள். பிறகு அந்த நிழலிலேயே உட்கார்ந்து அழுதாள். வேறு எங்கே போய் உட்காருவாள், வெயில் அப்படி.

கத்திரி கழிந்தும் நிழல் போகவில்லை. மேஸ்திரி ஷேக் பரீத் வந்து, உச்சி வேளையில் ஒடுங்கிய நிழலின் ஓரமாகவே கயிறு கட்டினார். மாடி விஷயம் வந்தபோது மட்டும் தயங்கினார்.

"நெழல்ல மாடி இல்லியேக்கா."

"நெழலுக்கு என்ன தெரியும் தம்பி? அவனப் பெத்தவ நானு. மாடி போடுங்க."

போட்டார். தை பிறந்ததும் அதே பசு முதலில் நுழைய, ராசம்மாள் பின்னால் நுழைந்தாள். பகலவன் போனில் பார்த்து, நல்லா இருக்கும்மா என்றான். அந்த வருஷம் அவனுக்கு லீவு இல்லை, அடுத்த வருஷம் பிள்ளைக்குப் பரீட்சை, அதற்கடுத்த வருஷம் அங்கேயே வீடு வாங்கிவிட்டான். ராசம்மாள் வாரம் தவறாமல் மாடியைப் பெருக்கித் துடைத்தாள், கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள். கீழ்வீட்டுக்கு நிழல் விழுந்தது, தாழ்வாரத்துக்கு விழுந்தது, கொடியில் கிடந்த புடவைக்கும் விழுந்தது. மாடிக்கு மட்டும் விழவில்லை. வெயில் அந்த ரெண்டு ரூமையும் ஊடுருவி நேரே தரையில் இறங்கியது. ஷேக் பரீத் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கலவையில் குறையில்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

ஐந்தாவது கத்திரியில், மாடியின் நிழல் விழ வேண்டிய இடத்தில் ராசம்மாள் பாய் விரித்து வடகம் பிழிந்தாள். தெருவிலேயே அங்கேதான் சீக்கிரம் காய்கிறது என்று பக்கத்து வீட்டுத் தஹ்மீனாவும் மிளகாயைக் கொண்டுவந்து பரப்பினாள். ரெண்டு பேரும் தாழ்வார நிழலில் உட்கார்ந்து காக்காய் ஓட்டினார்கள். வடகம் மூன்று நாளில் கலகலவென்று காய்ந்தது. கைப்பிடியளவு தனக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை ராசம்மாள் கனடாவுக்குப் பார்சல் கட்டினாள்.