முன்னால் வந்த ஈரக்கோடு

திருப்பூர் நல்லூரில் ஓடையை ஒட்டிய பாண்டியம்மாளின் வீட்டுக்கு, வெள்ளம் வருவதற்கு முன்பே அதன் ஈரக்கோடு வந்துவிட்டது. சித்திரை வெயிலில், நான்கு சுவர்களிலும் ஒரே மட்டமாக, இடுப்பளவு உயரத்தில் நின்றது. துடைத்தால் மறுபடி ஊறியது. நிறம் மெரூன்.

திருப்பூரில் ஈரத்தைக் கண்டால் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். பனியன் துணி வியாபாரி ராஜா முகமது, துணி நிறங்களின் மாதிரி ஒட்டிய கலர் கார்டைச் சுவரோடு வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த சீசனில் மெரூன்தான் ஓடும் என்றார். ஓடியது. கோடு கருநீலமானபோது கருநீலத்துக்கு ஆர்டர் வந்தது. அதன்பின் அவிநாசியிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். அது வெள்ளக்கோடு என்பது தெரியாமல் இல்லை. ஓடை பெருகினால் இதுவரை வரும் என்று டீக்கடையில் பிழையில்லாமல் விளக்கினார்கள். விளக்கிவிட்டுப் போய், தங்கள் குடோன்களில் துணிப் பண்டல்களைத் தரையிலேயே அடுக்கினார்கள்.

பாண்டியம்மாள் உயரத்தைப் பார்த்தாள். தையல் யூனிட்டில் விழுந்து முதுகு ஒடிந்த அவள் கணவன் மாதவன் படுத்திருந்த கட்டில், முழங்கால் உயரம்தான். மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது.

"பாய், இவர மேல கொண்டுபோக நாலு ஆளு வேணும்."

"தூக்கிறலாமுங்க அம்மிணி. அடுத்த கலர் வரட்டுமுங்க."

"நான் முங்கிப் பாத்துச் சொல்றேன் பாய், என்ன கலருன்னு" என்றான் மாதவன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மாலைகளில் வேலை முடிந்து வந்து, இரவல் வாங்கிய லாரி ஜாக்கியால் கட்டிலின் ஒவ்வொரு காலாகத் தூக்கி, ஹாலோ பிளாக் கல் வைத்தாள். கட்டில் சாயும்போதெல்லாம் மாதவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஐப்பசியில் கோடு மண்நிறமானது. பிஸ்கட் கலர் என்றார் ராஜா முகமது. கோடு அப்போதும் கட்டிலுக்கு மேலே இருந்தது. மழை தொடங்கிய அன்றுதான் கடைசிக் கல் ஏறியது.

மதியம் தண்ணீர் வந்தது. கட்டிலின் அடிச்சட்டத்தைத் தொட்டு, கோட்டில் நின்றது. மாதவனின் தொங்கிய கையில் விரல்நுனி மட்டும் நனைந்தது. ராஜா முகமதுவின் குடோனில் இருந்த வெள்ளைத்துணி முழுவதும் பிஸ்கட் நிறமானது.

"கலர் தப்பலீங்க" என்றார் அவர்.

அடுத்த சித்திரையில் கோடு வாசல் நிலையின் உச்சிக்கு மேலே வந்தது. கலர் கார்டுகளோடு வந்தவர்களைப் பாண்டியம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள். கட்டிலின் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்து, மாதவனை மாடியில் சேர்த்துவிட்டுத்தான் அவர்கள் உள்ளே போனார்கள். அன்று கோடு இளம்பச்சை.