பூச்சியம் வீதம்

லண்டனில், மோர்டன் வீட்டின் கராஜ் சுவரில், கரண்ட் நின்றாலும் வீட்டை ஓட்டக்கூடிய அந்தப் பற்றரியைப் பொருத்திப் பூட்டியது கனகலிங்கத்தின் காசில்தான். முப்பது வருசம் டாக்ஸி ஓடிய மனிதர். நுரையீரல் கெட்டு, தம்பி சுஜீத்தின் வீட்டுக் கீழறையில் வந்து படுத்த பிறகு, மூக்கில் குழாயும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்சிசன் மெசினுமாக அவருடைய நாள் போனது. மெசின் கரண்டில் ஓடுவது. ஒருநாள் கரண்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. டாக்ஸி விற்ற காசைத் தம்பியின் கையில் கொடுத்து, "நல்ல பெரிசாப் பார்த்துப் பூட்டு" என்றார்.

பற்றரிக்கு இன்னொரு உழைப்பும் உண்டென்று சுஜீத் பிறகுதான் கண்டுபிடித்தான். பின்னேரம் ஊர் முழுக்க அடுப்பு மூட்டுகிற நேரம் கரண்டுக்குத் தட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்துப் பற்றரியில் இருப்பதை வெளியே அனுப்பினால் கரண்ட் கொம்பனி நல்ல விலை தரும். முதல்நாளே போனில் செய்தி வந்துவிடும்: நாளை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. வீட்டின் அவசரத்துக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதையும் போனிலேயே சொல்லலாம். பூட்ட வந்தவன் நூற்றுக்கு ஐம்பது வீதத்தில் விட்டுப் போயிருந்தான். சுஜீத் அதை முப்பதாக்கினான்.

அவனுடைய மனைவி மயூரா அதைப் பார்த்தாள். நவம்பரில் வந்த முதற்காசில் அவன் அவளுக்கு ஒரு குளிர்க்கோட் வாங்கித் தந்தான். நல்ல கோட். அதைப் போட்டுக்கொண்டுதான் பக்கத்துச் சட்டனில் மருந்துக்கடை வேலைக்குப் போய்வந்தாள்.

டிசம்பரில் முப்பது பத்தானது. அந்த ஒரு மணித்தியாலம் வீட்டில் கரண்ட் செலவைக் குறைத்தால் அதற்கும் காசு என்று தெரிந்ததும், கனகலிங்கத்தின் அறை ஹீட்டரும் நின்றது.

"ஒரு மணித்தியாலம்தானே அண்ணை. போர்வையை இழுத்து மூடுங்கோ."

"ஓமடா தம்பி. உனக்கு நாலு காசு வந்தால் எனக்குச் சந்தோசம்தானே."

சில நாட்களில் அவரே ஐந்து மணிக்கு, "இண்டைக்கும் இருக்கோ பிள்ளை?" என்று மயூராவைக் கேட்டுவிட்டுக் கையுறையை மாட்டிக்கொள்ளத் தொடங்கினார். நகங்கள் நீலம் பாரித்துக் கிடப்பதை அவள் கண்டாள்.

ஜனவரியில் ஒருநாள் போனைத் திறந்தவள் மிச்சம் பூச்சியம் என்று இருக்கக் கண்டாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டுமே மிச்சம் வைக்கேல்லையே? அத்தானின்ரை மெசின்?"

"லண்டனிலை எப்ப கரண்ட் நிண்டது? நீர் கண்டனீரோ?" சுஜீத் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோட்டைப் போட்டுக்கொண்டு திரியேக்கை உமக்கு ஒரு யோசனையும் வரேல்லையே."

அவள் போனை மூடி வைத்தாள்.

அடுத்த கிழமை செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து அவள் கதவைத் திறந்து சில நிமிடங்கள்கூட ஆகவில்லை, தெருவே இருண்டது. எங்கோ நிலத்துக்குக் கீழே கேபிள் பழுது. பற்றரியில் இருந்ததெல்லாம் அன்றைய விற்பனையில் போயிருந்தது. கீழறையில் மெசின் கீச்சென்று கத்தியது. கனகலிங்கம் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

அவசரத்துக்கென்று ஒரு ஒட்சிசன் சிலிண்டர் இருந்தது. ஆட்கள் வந்தால் வீடு ஆசுப்பத்திரி மாதிரித் தெரிகிறது என்று சுஜீத் அதைப் பின்வளவுக் கொட்டிலில் வைத்துப் பூட்டியிருந்தான். சாவி அவனிடம். அவன் குரோய்டனில் வேலையில் இருந்தான். அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு அவனுக்குப் போன் எடுத்தாள்.

"கரண்ட் போயிட்டுது. கொட்டில் சாவி எங்கை?"

"ஆறரைக்கு முன்னமோ பின்னமோ நிண்டது? முன்னமெண்டால் காசு வராதே," என்றான் சுஜீத்.

அவள் போனை எறிந்துவிட்டுச் சுத்தியலோடு ஓடினாள். பூட்டு உடைய நேரம் பிடித்தது. சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்தபோது கனகலிங்கம் பக்கவாட்டில் சரிந்து கிடந்தார்.

உயிர் தப்பிவிட்டார். ஆனால் இடதுபக்கம் விழுந்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்க்க ஏலாது என்று டொக்டர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மயூரா சூப்போடு ஆசுப்பத்திரிக்குத் தனியாகப் போனாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். கொஞ்சம் பொறுத்துக் குழறலாகக் கேட்டார்:

"ஏன் பிள்ளை அதைப் பூச்சியமாக்கினனீர்?"

"நானோ? அத்தான், நான் இல்லை."

"தம்பி காட்டினவன். உம்மடை பேர்தான் கிடந்தது."

அவளுக்கு விளங்கியது. வீடு வாங்கிய நாள் முதல் கரண்ட் கணக்கு அவள் பெயரில். கொம்பனிக்காரரோடு பேச மணித்தியாலக் கணக்காகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிற வேலையெல்லாம் அவளுக்கென்று விட்டிருந்ததால் அப்படி. சுஜீத் என்ன மாற்றினாலும் கொம்பனியின் மின்னஞ்சல், மாற்றியவர் மயூரா என்றே சொல்லும்.

"அவன் அழுதவன்," என்றார் கனகலிங்கம். "உம்மிலை கோவிக்க வேண்டாமெண்டு என்ரை காலைப் பிடிச்சவன்."

அன்று மாலை ஆசுப்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் அவள் சுஜீத்தை மறித்தாள். அவன் மறுக்கவில்லை.

"அண்ணைக்கு உலகத்திலை இருக்கிறது நான் ஒராள்," என்றான் அமைதியாக. "நான் செய்தனான் எண்டு தெரிஞ்சால் அந்த மனிசன் செத்துப்போகும். உம்மை வெறுத்தால் அவருக்கு ஒண்டும் ஆகாது. யோசிச்சுப் பாரும்."

அவளைக் கையாலாகாதவளாக்கியது அந்தப் பேச்சில் இருந்த உண்மைதான். அடுத்தமுறை சொல்லிவிடவேண்டும் என்று போவாள். தம்பி வாறான் என்றதும் அந்தக் கோணிய முகம் மலர்வதைக் காண்பாள். சொல்லாமல் வருவாள்.

கீழறையை மார்ச்சில் ராம்கி என்ற கம்ப்யூட்டர் வேலைக்காரனுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். கனகலிங்கம் சட்டனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். சுஜீத் மாதம் ஒருமுறை பழங்களோடு போவான். மயூரா வேலை முடிந்து வாரத்தில் மூன்று நாள் போய் அவருக்குச் சாப்பாட்டைக் கரண்டியால் தீத்திவிடுவாள். ஒரு வியாழக்கிழமை அவர் வலது கையைத் தூக்கி, சிரமப்பட்டு, அவளுடைய தலையில் வைத்தார்.

"நான் உம்மை மன்னிச்சிட்டன் பிள்ளை."

கரண்டி அவள் கையிலேயே நின்றது. பக்கத்துக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"ஓம் அத்தான்," என்றாள் மயூரா. அடுத்த கரண்டியை அவருடைய வாயருகே கொண்டுபோனாள்.