மஞ்சள் கோட்டுக்குள் ஒரு வெப்பமானி

மே மாதம் இருபதாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, ஆம்பூர் மனித உயிர் தரிக்க இயலாத இடமாக ஆனது. அறிவியல் அப்படி அறிவித்தது. பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியொன்றின் பாதுகாப்பு அதிகாரி நவநீதன் அதைக் கையெழுத்திட்டு உறுதிசெய்தார். இரண்டு நாற்பத்தைந்துக்கு அதே கம்பெனியின் தையல் பிரிவில், நான்காவது லைனில், ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உயிரில்லாதவர்கள் போடுகிற சண்டையாக அது தெரியவில்லை.

நவநீதனுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. சந்தேகம் தட்டாத நேரம் என்று அவருக்கு ஒன்று கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேன்டீன் சாம்பாரில் பருப்பு கொஞ்சம் கூடுதலாகத் தட்டுப்பட்டால்கூட, யாரை மடக்க இந்த ஏற்பாடு என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சோற்றைப் பிசைவார்.

எல்லாம் ஒரு கண்ணாடிக் கருவியால் வந்தது. நாற்பத்திரண்டு டிகிரி வெயிலெல்லாம் பாலாற்றங்கரைக்குப் புதிதில்லை. இந்த வருஷம் வெயிலோடு புழுக்கமும் கூட்டுச் சேர்ந்துகொண்டது. வேர்த்தது காயவில்லை. கொடியில் போட்ட துணியும் அதைப் போட்ட ஆளும் ஒரே மாதிரி சொதசொதவென்று இருந்தார்கள். ஷூ வாங்குகிற ஜெர்மன்காரர்கள் இதை எங்கேயோ படித்துக் கவலைப்பட்டு, ஏப்ரலிலேயே ஒரு கருவியை அனுப்பி, கூடவே ஒரு விதியையும் அனுப்பியிருந்தார்கள்.

கருவியில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே தொங்கும். எவ்வளவு வெயில் என்று சொல்லும். இன்னொன்றின் அடிக்குமிழில் விளக்குத் திரி போல ஒரு திரி சுற்றி, அதன் வால் கீழே ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கும். ஈரம் காயக் காயக் குமிழ் குளிர்ந்து, எண் இறங்கும். புழுக்கத்தில் ஈரம் காயாது, எண்ணும் இறங்காது. மனிதன் வேர்த்தால் தாங்குவானா மாட்டானா என்று சொல்வது இந்த ஈரக்காரன்தான். அவன் இருபத்தொன்பதைத் தாண்டினால் லைனை நிறுத்தி, இருபது நிமிஷம் ஓய்வும் உப்பு போட்ட மோரும் தர வேண்டும். முப்பத்தைந்தைத் தாண்டினால் கட்டடத்தையே காலி செய்ய வேண்டும். இதுதான் விதி.

கருவியைத் தூணில் மாட்டிய அன்று நவநீதன் ரிப்பன் வெட்டினார். கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்லி, "உழைப்பாளியின் ஒவ்வொரு வேர்வைத் துளிக்கும் இந்த நிர்வாகம் கணக்கு வைத்திருக்கிறது" என்று பேசினார். சென்னையிலிருந்து வந்த மெக்கானிக், கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று செய்து காட்டியபோது அவர் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

விதியை நான்காவது லைன்காரர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் ஜூனில் இதே லைனில் தேவகி மயங்கி மெஷின்மேலேயே சாய்ந்து, ஊசி விரலுக்குள் ஏறிவிட்டது. அவள் திரும்பி வரவில்லை. அவளுடைய மெஷினில் இப்போது உட்கார்ந்திருப்பவள் மேகலா. பிளஸ் டூ முடித்தவள், வாய்க்காரி. அந்த இருபது நிமிஷத்துக்காக மல்லுக்கு நிற்கிற முதல் ஆள் அவள்தான்.

மே இரண்டாவது வாரத்தில் நாலு நாள் தொடர்ந்து லைன் நின்றது. நவநீதனால் நம்ப முடியவில்லை. அவ்வளவு ஒன்றும் புழுக்கமாகத் தெரியவில்லையே? அவருடைய கேபின் தோல் கிடங்கை ஒட்டி இருந்தது. பதப்படுத்திய தோல் புழுக்கத்தில் பூசணம் பிடித்துவிடும் என்பதால் கிடங்குக்கு இரவும் பகலும் ஏசி ஓடும். மாட்டுத் தோலுக்குப் போட்ட அந்தக் குளிர் சுவர் இடுக்கு வழியாகக் கசிந்து அதிகாரிக்கும் கொஞ்சம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்தபடியே, செல்போன் கேமராவைப் பெரிதாக்கிக் கண்ணாடி வழியாகத் தூணைப் பார்த்து, தினம் மூன்று வேளை எண்களைக் குறித்து ஜெர்மன்காரர்களின் செயலியில் ஏற்றிவிடுவார். ஹாலுக்குள் போனால் சட்டை நனைகிறது.

"நவநீதன், இன்னா நடக்குது?" என்றார் ஃபேக்டரி மேனேஜர் அமீர் பாஷா. "டெய்லி லைன் நிக்குது. ஷிப்மென்ட் ஜூன் அஞ்சாந்தேதி. எனக்கு மேல இருந்து பேஜாரு ஜாஸ்தியாவுது."

"சார், இது நேச்சுரல் இல்ல. யாரோ மீட்டர்ல கை வெக்கிறாங்க."

"ஃப்ரூஃப் இருக்கா?"

"கொண்டாறேன் சார்."

"கொண்டா. மெய்யாலுமே அப்டின்னா அந்த இருபது நிமிஷத்தயே கேன்சல் பண்ணிடலாம். பண்ணவங்க வூட்டுக்குப் போவட்டும். ஒனக்கு ப்ரமோஷன், மேனேஜர் கம்ப்ளையன்ஸ். ஆனா ஒண்ணு, தப்பாச்சுன்னா என் பேரு அதுல வரக்கூடாது."

பதவியின் பெயரைக் கேட்டதும் நவநீதனுக்கு ஏசி இல்லாமலே குளிர்ந்தது. அன்று மாலை, திங்கட்கிழமை, ஷிஃப்ட் முடிந்து ஹால் காலியானதும் அவரே தூணருகே போய்ப் பார்த்தார். கருவியோடு வந்த மெல்லிய வெள்ளைத் திரிக்குப் பதிலாக, குமிழில் பூஜைக்கடையில் விற்கிற பஞ்சுத் திரி சுற்றியிருந்தது. பத்துப் பதினைந்து படம் எடுத்து, 'அந்நியப் பொருள்' என்று தலைப்பிட்டுச் சேமித்தார்.

உடனே மஞ்சள் பெயின்ட் வந்தது. தூணைச் சுற்றி மூன்றடி தள்ளி ஒரு வட்டம். 'அனுமதியின்றி இக்கோட்டைத் தாண்டுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒரு பலகை. தூணடியில் இருந்த குடிதண்ணீர் கேனையும் தூக்கி ஹாலின் மறுகோடியில் வைக்கச் சொன்னார். சொல்லப்பட்டவள் எல்லம்மா, கூட்டிப் பெருக்கித் தண்ணீர் நிரப்புகிறவள்.

"சார், அந்தக் கிண்ணத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"கிண்ணமும் கிடையாது, கிளாஸும் கிடையாது. யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. நீயும்தான்."

"அதில்ல சார், காலையில நான்..."

"எல்லம்மா, எனக்குப் பாடம் எடுக்காத. கேனைத் தூக்கு."

எல்லம்மா கேனைத் தூக்கினாள். "நமக்கின்னா வந்துச்சு" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

செவ்வாயன்று ஈரக்காரன் முப்பத்து மூன்றுக்கு ஏறினான். புதனன்று இரண்டு வெப்பமானிகளும் அண்ணன் தம்பி போலத் தோளோடு தோள் முப்பத்தொன்பதில் நின்றன. நவநீதன் கேபினிலிருந்து எண்ணை ஏற்றினார். அடுத்த நொடி செயலி சிவப்பாகி அலறியது: எல்லா நபர்களையும் உடனே வெளியேற்றவும், இந்நிலையில் மனிதர் சில மணி நேரம் மட்டுமே உயிர் வாழ முடியும்.

இருநூற்றுப் பத்துப் பேரும் லாரி ஷெட்டின் நிழலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஒருத்தி முறுக்குப் பொட்டலம் பிரித்தாள். உயிர் வாழ முடியாத நிலையில் முறுக்கு கைமாறிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்த நவநீதனுக்குச் சதியின் முழு நீளமும் விளங்கிவிட்டது. இருபது நிமிஷம் போதாதென்று அரை நாளாகவே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்! வியாழக்கிழமையும் இதே கதை. காலை பத்தரைக்கே ஆம்பூரில் உயிர்வாழ்க்கை முடிந்தது.

அன்று பிற்பகல் முழுக்க சிசிடிவி பதிவுகளை ஓட்டினார். ஓட்டினால் கிடைக்காமலா போகும்? புதன்கிழமை, இரண்டு இருபது. மேகலா வருகிறாள். அக்கம்பக்கம் பார்க்கிறாள். மஞ்சள் கோட்டின் விளிம்பில் நின்று, கோட்டைத் தாண்டாமல் கழுத்தை மட்டும் உள்ளே நீட்டுகிறாள். கருவியை உற்றுப் பார்க்கிறாள். சிரிக்கிறாள். இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டு போகிறாள்.

அந்தச் சிரிப்பை நவநீதன் பதினோரு தடவை பார்த்தார். பிறகு, 'குற்றம் கழுத்து வழியாக நிகழ்த்தப்பட்டுள்ளது' என்று அறிக்கையில் எழுதினார்.

சிவப்பு எச்சரிக்கை இரண்டு முறை போனதால், வெள்ளிக்கிழமை ஜெர்மன்காரர்கள் சார்பில் சென்னையிலிருந்து தமிழினி என்ற தணிக்கைக்காரப் பெண் வந்துவிட்டாள். அன்று காலையிலும் லைன் ஓடவில்லை, ஷெட்டில்தான் எல்லோரும். விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. இன்றைக்கு நிரூபித்தால் மேகலா வெளியே, இருபது நிமிஷம் ரத்து, நவநீதன் மேனேஜர். அந்தக் கடைசிப் பகுதிக்காக அவர் புது பெல்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னாமா, கோட்டுக்குள்ள தலைய வுட்டியா?" என்று மேகலாவைக் கேட்டார்.

"தலைய வுட்டேன் சார். கால வுடல. போர்டுல தாண்டக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு, எட்டிப் பாக்கக் கூடாதுன்னு போடலயே."

அமீர் பாஷா இருமினார். அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

"அட்டையில இன்னா எழுதுன?"

மேகலா அட்டையை எடுத்து மேஜையில் போட்டாள். லைன் கார்டின் பின்பக்கம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒவ்வொரு நாளும் இரண்டு எண்கள், பென்சிலில், வரிசையாக. திங்கட்கிழமை வரை இரண்டுக்கும் நடுவே எட்டு, ஒன்பது வித்தியாசம். செவ்வாயன்று குறைந்தது. புதனிலிருந்து வித்தியாசமே இல்லை.

தமிழினி அட்டையை வாங்கிப் பார்த்தாள். "நீங்களா இதெல்லாம் குறிச்சீங்க?"

"தேவகிக்கா விழுந்தப்ப எத்தினி டிகிரின்னு யாருக்குமே தெரியல மேடம். அதான். இந்த வாட்டி யாருன்னா விழுந்தா சொல்றதுக்கு ஒரு நம்பராவது இருக்கட்டும்னு."

தமிழினி அந்த அட்டையைத் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள். நவநீதனுக்கு அது பிடிக்கவில்லை. "அப்ப எதுக்குச் சிரிச்ச?"

"ரெண்டும் ஒரே நம்பர் காட்டுச்சு சார். அப்டி இருந்தா திரி காஞ்சி கெடக்குதுன்னு அர்த்தம். பிளஸ் டூ பிராக்டிகல்ல வரும். தண்ணி இல்ல, அதான் ரெண்டும் ஒண்ணாயிடுச்சு."

"பாத்தீங்களா சார்!" நவநீதன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அவளே ஒத்துக்கினா. தண்ணிய எடுத்துட்டாங்க. வேணும்னே காய வெச்சிருக்காங்க! தெரிஞ்சும் ஏன் புதன்கிழமையே சொல்லல?"

"புதன்கிழமை நீங்க யாரையும் கேக்கல சார். வெளிய போங்கன்னீங்க, போனோம்."

"தண்ணிய எவ எடுத்தா? அதச் சொல்லு."

"யாரும் எடுக்கல சார்," என்றது கதவருகே ஒரு குரல். டீ கொண்டுவந்த எல்லம்மா தட்டோடு நின்றிருந்தாள். "ஊத்தல. அவ்ளோதான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"டெய்லி காலையில கேனுக்குத் தண்ணி புடிக்கிறப்ப அதுக்கும் ஒரு ஸ்பூன் ஊத்துவேன். அந்த மெட்ராஸ் மெக்கானிக் தம்பி எனக்குத்தான் காட்டுச்சு, வேற யாரும் அப்ப கிட்ட இல்ல. பழைய திரி கறுத்துப்போச்சு, நம்ம வூட்டு விளக்குத் திரிய சுத்துனேன். திங்கக்கெழம சாரு கோடு போட்டாரு. தாண்டாதன்னாரு. சொல்ல வந்தேன், பாடம் எடுக்காதன்னாரு. கோடு போட்டப்புறம் நான் எப்டி சார் போவறது? நடவடிக்கை எடுப்பீங்களே!"

அமீர் பாஷா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் பெயர் அறிக்கையில் எங்கேயாவது வருகிறதா என்று பக்கங்களைப் புரட்டவும் செய்தார்.

"கிண்ணத்துல தண்ணி இருக்கான்னு பாக்கலையா சார்?" என்று தமிழினி கேட்டாள்.

"பாக்காம?" என்றார் நவநீதன். "தண்ணி ஊத்துறது என் பொறுப்பு. டெய்லி நானே செக் பண்றேன். எல்லாம் கேபின்ல பதிவேட்டுல இருக்கு. எல்லம்மா சொல்றத நம்பாதீங்க மேடம். இதுல வேற எதோ இருக்கு."

"சரி, முதல்ல அதைப் பாத்துடலாம்."

எல்லோரும் தூணுக்குப் போனார்கள். ஹாலுக்குள் நுழைந்த பத்தாவது அடியில் நவநீதனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மஞ்சள் கோட்டருகே வந்ததும் எல்லம்மா நின்றுவிட்டாள். நவநீதனின் முகத்தையே பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தபடி தலையசைத்த பிறகுதான் உள்ளே காலை வைத்தாள். கிண்ணத்தில் ஒரு செத்த எறும்பு மட்டும் கிடந்தது. அதை விரலால் எடுத்துப்போட்டுவிட்டு ஒரு ஸ்பூன் ஊற்றினாள், திரியையும் நனைத்துவிட்டாள்.

காத்திருந்தார்கள். ஷெட்டிலிருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து கோட்டுக்கு வெளியே கூடினார்கள். ஈரக்காரன் முப்பத்தெட்டிலிருந்து நகர்ந்தான். முப்பத்தைந்து. முப்பத்து மூன்று. இறங்க இறங்க நவநீதனின் முகத்தில் வெளிச்சம் ஏறியது. இருபத்தொன்பதுக்குக் கீழே மட்டும் போய்விட்டால், சதியோ திரியோ, இருபது நிமிஷம் பொய்தான் என்று ஆகிவிடும். மேகலா தூணைப் பார்க்காமல் தன் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொன்றில் வேகம் குறைந்தது. முப்பதரையில் நின்றது. நவநீதன் இன்னும் ஐந்து நிமிஷம் கேட்டார், கொடுத்தார்கள். முப்பதரைதான். அதற்குள் அவருக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேகலா ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க சார். இருபத்தொன்பதுக்கு மேல போச்சுன்னா ஆபீசருக்கும் ரெஸ்டுதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமீர் பாஷா கடிகாரத்தைப் பார்த்து, "இருபது நிமிஷம். மோர் எங்க?" என்று பொதுவாகக் கேட்டார். மேகலாமேல் எழுதிய அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

"இன்னைக்கு ரீடிங்கைப் பதிவேட்டுல ஏத்திட்டு நான் கிளம்பறேன் சார்," என்றாள் தமிழினி.

நவநீதன் ஸ்டூலிலிருந்தே கேபினைக் கைகாட்டினார். எல்லம்மா போய்ப் பதிவேட்டை எடுத்துவந்தாள். தமிழினி அன்றைய தேதியைத் தேடிப் பக்கத்தைப் புரட்டினாள். 'கிண்ணத்தில் நீர் நிரப்பப்பட்டது' என்ற கட்டத்தில் அன்றைக்கு டிக்கும் நவநீதனின் கையெழுத்தும் இருந்தன. அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதற்கும் அடுத்ததைத் திருப்பினாள்.

ஜூன் முப்பதாம் தேதி வரை தண்ணீர் ஊற்றியாகிவிட்டிருந்தது.