எழுத்தில்லாத தாள்

1

இந்தக் கதை எங்கள் வீட்டுக் கக்கூஸில் பிறந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை பிறந்த இடத்தைக் கேட்டால் ஆற்றங்கரை, அரசமரம், அடைமழை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கும் ஆசைதான். மன்னார்குடிப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஆற்றங்கரைக்கா பஞ்சம்? ஆனால் பிறந்தது அங்கேதான். உள்ளே இருந்தவர் என் கணவர். நான் கதவுக்கு இந்தப் பக்கம், கையைப் பிசைந்துகொண்டு.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். முடித்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள். சும்மா உட்கார்ந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் தஞ்சாவூர் வரை கேட்கிறது. (சரி, தெருமுனை வரை.)

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"காவிரி கடைமடைக்கு வந்து சேராத அந்த ஆண்டில்" – வேண்டாம். இவ்வளவு கனத்தைக் கக்கூஸ் தாங்காது.

"அடைக்கலசாமி வழுக்கி விழுந்தபோது பூமி அதிர்ந்தது" – ரசித்து எழுதினேன். அவர் எடைக்குப் பூமி அதிராது, வரப்பு நண்டு வேண்டுமானால் திரும்பிப் பார்த்திருக்கும். ஆனாலும் அடிக்க மனசு வரவில்லை. இருக்கட்டும்.

"மனிதனுக்கு இரண்டு கைகள்."

இதுதான் சரி.

2

மனிதனுக்கு இரண்டு கைகள். நம் ஊரில் இரண்டுக்கும் எப்போதோ பாகப்பிரிவினை ஆகிவிட்டது. வலது கை சோறு பிசையும், சிலுவை போடும், கையெழுத்திடும், கூட்டத்தில் உயரும். இடது கைக்கு ஒரே வேலை. அந்த வேலையை வலது கை செய்யாது. செய்தால் மறுவேளை அதே கையால் சாம்பார் சோறு பிசைய வேண்டும், மனசு கேட்குமா?

என் கணவர் அடைக்கலசாமி எங்கள் வாய்க்கால் விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். எரிவாயுக் குழாய் பதிக்கிறோம் என்று ஒரு கம்பெனி வயல்களுக்குக் குறுக்கே குழி வெட்டிக்கொண்டு வருகிறது. ஆளும் கட்சி 'பார்க்கிறோம்' என்கிறது. ஆண்ட கட்சி 'நாங்கள் வந்தால் பார்க்கிறோம்' என்கிறது. இவர் குழியையே பார்க்கப் போனார். ஓரத்து மண் சரிந்தது. முறிந்தது இடது மணிக்கட்டு.

டாக்டர் முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு, சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இவர் கட்டிலில் உட்கார்ந்து கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வலிக்குதா?"

"வலிக்கல புஷ்பம். இந்தக் கைய எதுக்கு உடைச்சாரு ஆண்டவரு? வலது கையா இருந்தா நீ ஊட்டி விட்டுருப்ப."

"அதுக்கென்ன, இதையும் நானே..."

"சீ! வாய மூடு. செத்தாலும் நடக்காது."

[இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். சுவரில் மாட்டிய பைப்பை வலது கையால் பிடித்துத் தண்ணீரை அடித்துக்கொள்ளலாமே என்று. முயற்சி செய்தார். சுவர் குளித்தது. கூரை குளித்தது. கதவுக்கு வெளியே நின்ற நானும் குளித்தேன். மாவுக்கட்டு மட்டும் கடவுள் கிருபையால் தப்பியது. அதோடு, தண்ணீர் பட்டால் மட்டும் போதாது, கையும் பட வேண்டும் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை.]

3

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் அருள்செல்விதான் வழி சொன்னாள்: காகிதத்தால் துடைத்துக்கொண்டால் வலது கைக்கும் பங்கமில்லை. தஞ்சாவூரில் வாங்கிய வெள்ளைச் சுருள்கள் முதலில் வந்தன. இவர் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். யாருக்கும் தெரியக் கூடாது.

"காவிரித் தண்ணிக்கு ரோட்டுல உக்காந்தவன் வூட்ல காயிதத்துல துடைக்கிறான்னு தெரிஞ்சா, அப்புறம் எவன் என் பேச்சக் கேப்பான்? சிரிப்பானுவ. சிரிச்ச வாயி எனக்குக் கை தூக்குமா?"

நியாயமான பயம். இந்தப் பக்கத்துத் தலைவர்கள் எதைச் செய்தும் பிழைத்திருக்கிறார்கள், ஊர் ஒருமுறை சிரித்துவிட்டால் மட்டும் எழுந்ததில்லை.

வெள்ளைச் சுருள் தீர்கிற சமயம் அருள்செல்வி போனில் வந்தாள்.

"அம்மா, இனிமே வெள்ளை வாங்காதீங்க. இதுக்குன்னு மரத்தை வெட்டுறாங்க. பழைய பேப்பர்லேருந்து செய்யுறது இருக்கு, நான் அனுப்புறேன்."

"பழைய பேப்பர்னா?"

"நோட்டு, பேப்பர், நோட்டீஸு, ஆபீஸ் குப்பை எல்லாம்தான். ஊறவச்சு, கூழாக்கி, மையைக் கழுவி எடுத்துடுவாங்க."

அவள் அனுப்பிய பெட்டி நெல் குதிர் அளவு இருந்தது. (குறைத்துக்கொள்கிறேன்: டிவி பெட்டி அளவு.) அது வந்தபோது நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். கூரியர்காரர் பக்கத்து வீட்டு வீரையனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.



4

வீரையனைப் பற்றி எனக்குக் குழப்பம் இருக்கிறது. கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன், கம்பெனிக்காரரோடு டீ குடிக்க வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. நிஜ வீரையன் எந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டாரோ அந்த வயலையே விலைக்கு வாங்கியவர். குழாய் போவதாகக் கோடு போட்டிருப்பது அந்த வயலின் நட்ட நடுவில். இன்றைய கூட்டத்தில் 'வேண்டாம்' என்று தீர்மானம் போடாவிட்டால் நாளைக்கே அங்கே இயந்திரம் இறங்கும். இப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக்குவது? அவரிடம் ஒரு குறைதான் உண்டு. உதவி செய்யாமல் இருக்கத் தெரியாது.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், என்னங்க இது, பெட்டி இம்மாம் பெருசு, வெயிட்டே இல்ல? உள்ளாற காத்தா?"

"அதுவா வீரையன்..."

"அமுக்குனா பஞ்சாட்டம் இருக்கு. தலைவருக்குத் தலகாணியா?"

நான் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அந்த நொடியில் ஒரு நல்ல பொய் கிடைக்கவில்லை.

"விருந்துல கை துடைக்கிற பேப்பருங்க. மக அனுப்பியிருக்கா."

"ஓ! டவுன்ல கல்யாணத்துல வைப்பாங்களே, அது!" என்று அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்போதே ஓடிப்போய்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

5

பெட்டியைப் பிரித்ததும் இவர் ஒரு சுருளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கள்ள நோட்டு பார்ப்பதுபோல. சாம்பல் நிறம், அங்கங்கே நீலமும் கறுப்புமாய்ப் புள்ளிகள்.

"புஷ்பம், இதுல எழுத்து இருக்கு."

"எழுத்து இல்லங்க. மை. கழுவினது போக மிச்சம்."

"எழுத்தோட எச்சந்தானே?"

எடுத்த சுருள் கையிலிருந்து நழுவியது. தரையில் உருண்டது. பிடிக்கப் போனவர் காலால் மிதித்துவிட்டார். உடனே குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

[இதை நான் சேர்க்கவில்லை. சத்தியமாக நடந்தது. எங்கள் வீட்டில் சரஸ்வதி படம் கிடையாது, மாதாதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் புத்தகத்தை மிதித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வான், நீங்களும் ஒற்றிக்கொள்வீர்கள், அது எந்த மதத்திலும் சேராமல் கைக்குள் புகுந்துகொள்ளும். கக்கூஸ் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிய முதல் மனிதர் உலகத்திலேயே என் கணவர்தான் என்று அடித்துச் சொல்வேன்.]

நான் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு திடீரென்று நின்றது.

"ஆபீஸ் குப்பையும் சேருமுன்னா சொன்னா பாப்பா?"

"ஆமாங்க."

"அப்ப மனுவும் இருக்குமுல்ல?"

இவர் எழுதிக் கொடுத்தவை கொஞ்சமா? வாய்க்கால் தூர்வார ஒரு மனு, மதகுக்கு ஒரு மனு, குழாய் வேண்டாம் என்று கூடை கூடையாய் மனு. ஒன்றுக்கும் ஒரு வரி வந்ததில்லை.

அவர் சுருளைத் தடவிப் பார்த்தார். "பதில் வரலன்னு நெனச்சிக்கிட்டுருந்தேன். இந்தா, வூட்டுக்கே வந்துருச்சு."

அன்று முதல் அதையே உபயோகித்தார். ஆனால் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான். முழு எழுத்து ஒன்று தென்பட்டாலும் தனியே எடுத்து வைத்துவிடுவார். வீட்டில் செய்தித்தாள் இருந்தது, எழுதி முடித்த நோட்டு இருந்தது, அவற்றின் பக்கம் கூடத் திரும்பவில்லை. எழுத்தில்லாத தாள்தான் வேண்டும்.

[இந்த வரியை மறந்துவிடாதீர்கள்.]

6

இன்று காலை நான் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வீரையன் வாசலில் எதிரே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முகத்தில் பெருமை.

"டீச்சர், வேல முடிஞ்சிச்சு. மண்டபத்துல எல வரிசைக்கு வரிச வச்சிட்டேன்."

"எதை?"

"உங்க பேப்பருதான். தாலுகா ஆபீஸ்காரங்க, கம்பெனிக்காரங்க எல்லாம் சாப்புட வர்றாங்க. நம்மள பட்டிக்காடுன்னு நெனச்சிரக் கூடாதுல்ல? பின்பக்கம் தாவாரத்துல இருந்துச்சு. தலைவரு அசந்து தூங்குனாரு, எழுப்பல. பெட்டியோட தூக்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு பிரிச்சது கெடந்துச்சு. அதையுந்தான். அத அதிகாரி எலைக்குப் பக்கத்துல வச்சிருக்கேன்."

சைக்கிளில் ஏறிப் போயே போய்விட்டார். சொல்லியிருக்கலாம். சொன்னால் இவரிடம் செய்த சத்தியம் போகும். சொல்லாவிட்டால்

(இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று முறை பார்த்தேன். விட்டுவிடுகிறேன்.)

சாப்பாடு முதலில், தீர்மானம் பிறகு. பசித்த கூட்டத்தில் நாற்காலி பறக்கும் என்பதால் எங்கள் சங்கத்தில் அப்படித்தான் வழக்கம். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சுருள் என்னவென்று தெரியாது. அதிகாரிக்கும் கம்பெனிக்காரருக்கும் தெரிந்தாலும் அவர்களுக்கு ஓட்டில்லை; ஓட்டுள்ளவர்களில் தெரிந்தவர் ஒருத்தர் வருகிறார். கூத்தாநல்லூர் கமருன்னிஸா. வாய்க்காலின் கடைசியில் நிலம். வீட்டுக்காரரோடு சிங்கப்பூரில் வெகுகாலம் இருந்து திரும்பியவர். கடைமடை மொத்தமும் அவர் கையைப் பார்த்துத்தான் கை தூக்கும். நேற்றுப் போனில் பேசினார்.

"கம்பெனி நல்ல தொகை சொல்லுது டீச்சர். மனசு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது. ஆனா உங்க வூட்டுக்காரரு நின்னு சொன்னா நானும் நிப்பேன். ஆளு கெட்டியா இருக்கணும், அவ்வளவுதான்."

முடிவுகளைப் போட்டுப் பார்க்கிறேன்.

ஒன்று. கமருன்னிஸா இலையில் உட்காருகிறார், சுருளைப் பார்க்கிறார், சிரிக்கிறார். பக்கத்தில் உள்ளவர் ஏன் என்று கேட்கிறார். சிரிப்பு பந்தியைத் தாண்டி, சமையல்கட்டைத் தாண்டி, மதகைத் தாண்டிக் கோடியக்கரை உப்பளம் வரை போகிறது. எங்கிருந்து வந்தது? தலைவர் வீட்டிலிருந்து. ஏன் அங்கே இருந்தது? 'பின்பக்கம் தாவாரத்துல, ஒண்ணு பிரிச்சே கெடந்துச்சு' என்று வீரையனே, பாவம், விளக்கிச் சொல்கிறார். கைகள் உயரவில்லை.

இரண்டு. கமருன்னிஸா பார்க்கிறார், புரிந்துகொள்கிறார், ஒன்றும் பேசாமல் ஒரு துண்டு கிழித்துக் கையைத் துடைத்துக்கொள்கிறார். இது என் ஆசை. இதை எழுதும்போது அழகாக வந்தது. அழகாக வந்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது.

மூன்று. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. என் கணவர் மட்டும் பார்க்கிறார். தன் ரகசியம் இலைக்கு இலை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். பேச எழுந்தவர் முதல் வரியிலேயே தடுமாறுகிறார். தலைவர் தயங்குகிறார் என்று கம்பெனிக்காரர் எழுதிக்கொள்கிறார்.

மூன்றாவதுக்குத்தான் பயப்படுகிறேன். இவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சட்டை மாட்டியதும் சொல்லலாம். இல்லை, காபி குடித்ததும்

7

"புஷ்பம்!"

கூப்பிடுகிறார். அங்கிருந்து.

"புஷ்பம், பேப்பரு தீந்துபோச்சு. புதுசு ஒண்ணு எடு."

எழுதிக்கொண்டிருந்த தாள்களோடு கதவருகே வந்து நிற்கிறேன். நின்றபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

"என்னங்க... பேப்பரு இல்லங்க."

"பொட்டி நெறைய இருந்துச்சே?"

சொன்னேன். வீரையன், விருந்து, இலை வரிசை, அதிகாரி பக்கத்தில் பிரித்த சுருள், என் பொய், எல்லாம். ஒன்றைக்கூட மிகைப்படுத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. விம்மலா, சிரிப்பா, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

"அதிகாரி எலைக்குப் பக்கத்துலயா?"

"ஆமாங்க. நான் இப்பவே ஓடிப்போயி எடுத்துட்டு வந்துடுறேன்."

"நில்லு. மணி என்ன?"

"பதினொண்ணு முப்பது."

"போயிட்டு வர முடியாது. நான் பாத்துக்குறேன்."

"என்னத்தப் பாத்துக்குவீங்க?"

உள்ளே வாளியைக் காலால் நகர்த்துகிற சத்தம்.

"கமருன்னிஸா வந்துருவாங்கங்க. அவங்களுக்கு..."

"தெரியும், தெரியும். மொதல்ல நான் வெளில வரணும்ல? கையில என்ன வச்சிருக்க, சரசரங்குது?"

"கதை எழுதுறேன்."

"யாரப் பத்தி?"

கதவு மூடியிருந்தும் தாள்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"ம். அதுல எழுத்தில்லாத தாளு இருக்கா?"

ஒன்று இருக்கிறது. முடிவுக்கென்று வைத்திருந்தது. மூன்றில் எது என்று பன்னிரண்டு மணிக்குப் பிறகு அதில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மற்ற தாள்கள் எல்லாம் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டன, இந்தக் கடைசி ஓரத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குங்க. மொறமொறன்னு இருக்கும்."

"கசக்கிக் குடு."

கசக்கிவிட்டேன். பிறகு விரித்து, கதவின் அடியில் தள்ளுகிறேன். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். உள்ளே இருந்து ஒரு வலது கை அதைப் பிடித்து இழுக்கிறது. உங்கள் வீட்டில் வெள்ளைத் தாள் இருக்கும். கமருன்னிஸா இந்நேரம் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார். கூட்டத்தில் எந்தக் கை உயர்ந்தது என்று அதில் நீங்கள்தான்