இடப்பக்கம் திரும்பாதவர்

1

இது திருடிய கதை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் அக்கா கீரை ஆய்ந்துகொண்டே தன் வீட்டுச் சங்கதியாகச் சொன்னது. கேட்கும்போதே நான் மனதுக்குள் முதல் வரியைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எழுதப்போற, அதானே? எழுது. ஆனா எங்கிட்ட காட்டு," என்றாள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: பிரபஞ்சமே ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கையில் ஒரு தனிமனிதனின் தலை மட்டும்...

(விட்டுவிட்டேன். அத்தான் எலக்ட்ரீஷியன். அவருக்குப் பிரபஞ்சம் சுற்றவில்லை. ஒரு நூலகத்தின் கூரைதான் சுற்றியது.)

2

விளக்கு மாற்ற ஏணியில் ஏறியவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார். கூரை கிறுகிறுவென்று சுற்றியது. ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். கீழே ஏணியைப் பிடித்திருந்த கூட்டாளி, "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றார்.

"ஸ்க்ரூ ஒண்ணைக் காணோம், இரு."

அரை நிமிடத்தில் நின்றது. இறங்கினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏணி ஏற முடியாத எலக்ட்ரீஷியனை யார் கூப்பிடுவார்கள்? மறுநாளிலிருந்து கைவலி என்று சொல்லிக் கூட்டாளியை ஏற்றினார். படுக்கையில் இடப்பக்கம் திரும்பினாலும் அதே சுற்றல். வலப்பக்கமாகவே படுக்கப் பழகினார்.

அக்கா படுப்பது இடப்பக்கம்.

3

இங்கே எனக்கொரு சந்தேகம். பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவர் இதைப் போய் மனைவியிடம் மறைப்பாரா? அக்காவிடமே கேட்டேன். "பயந்துட்டா அவர் பேச மாட்டார். பல்வலிக்கே மூணு நாள் வாயத் திறக்கல," என்றாள். நீங்களும் நம்பித்தான் ஆகவேண்டும்.

பதினோரு நாள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மாமியாரைப் பற்றி வாய்தவறி ஏதாவது சொல்லிவிட்டோமா, இல்லை அவருக்கு வேறு யாராவது...

(இந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.)

பன்னிரண்டாம் நாள் காலை, டிபன் பாக்ஸைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எம்மேல என்ன கோவம் உங்களுக்கு?"

"கோவமா? எனக்கா?"

"பதினோரு நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுக்கறீங்க."

அத்தான் டிபன் பாக்ஸை வாங்கி மேஜையில் வைத்தார். "உன் பக்கம் திரும்பினா வீடே சுத்துது," என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். கூடவே அழுகையும் வந்தது. புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு நிம்மதியானவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று இப்போதும் சொல்வாள்.

4

அன்றைக்கே காது மருத்துவரிடம் இழுத்துப்போனாள். அந்தப் பெண்மணி அத்தானைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கண்களைக் கவனித்தார். "பயப்படாதீங்க. காதுக்குள்ள பொடிப்பொடியாத் துகள் இருக்கும், அது இடம் மாறிப் போயிருக்கு. கொண்டுபோய் விட்டுடலாம்," என்று சொல்லி, தலையைப் படிப்படியாகத் திருப்பிவிட்டார். சட்டென்று எழக்கூடாது, தண்ணீர் குறையக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, தான் சொல்லும்வரை ஏணி கூடவே கூடாது என்றார்.

அக்கா அதோடு விடுவாளா? காலையில் இஞ்சித் தண்ணீர். முன்கையின் உட்பக்கம், மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் மேலே அழுத்தல். கூட்டாளி சொன்ன அக்குபஞ்சர்காரரிடம் இரண்டு தடவை ஊசி. மாலையில் மாடியில் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி. அத்தான் கொக்காக நிற்க, விழுந்தால் பிடிக்க அக்கா பக்கத்தில் நிற்பாள்.

[அடிக்குறிப்பு: எதில் குணமானது என்று விசாரித்தேன். அக்கா "இஞ்சி" என்றாள். அத்தான் "டாக்டர்" என்றார், அவள் உள்ளே போன பிறகு. ஊசிக்காரரைக் கேட்கவில்லை, அவர் பதில் எனக்கே தெரியும். ஒரே காரணம் இருந்தால் கதைக்கு அழகு. உடம்புக்கு அந்தக் கவலை இல்லை.]

5

முதல் வரைவில் அத்தானை ஏணியிலிருந்து விழவைத்திருந்தேன். கதைக்குக் கனம் வேண்டுமல்லவா? அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள்.

"அந்த மனுஷன் பயந்தது போதாதா? உன் கதைக்காக விழவும் விழணுமா?"

அந்த வரிகளை அடித்துவிட்டேன். அடித்ததும் எனக்கே மூச்சு லேசானது.

இரண்டாவது முடிவு: மருத்துவர் சரியென்ற பிறகு ஏணியில் ஏறினார், விளக்கு எரிந்தது. நடந்ததும் அதுதான். ஆனால் எழுதினால் விளம்பரம் போல இருக்கிறது. தவிர, இது மறுபடி வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வரட்டும், என்ன செய்வதென்று இப்போது இருவருக்கும் தெரியும்.

6

மூன்றாவது முடிவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். அத்தான் முதலில் தலையை, பிறகு தோளை, பிறகு உடம்பை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். கண்ணைத் திறந்தார். சுவர் சுவராக நின்றது. ஜன்னல் ஜன்னலாக நின்றது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்துதா?"

"இல்ல."

அப்புறம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்று கீரைத் தட்டோடு எழுந்துபோய்விட்டாள்.

நானாக நாலு வரி எழுதிப் பார்த்தேன். நாலும் பொய்யாக இருந்தன. அதனால் இடம் விட்டிருக்கிறேன். நாள் கணக்காக முதுகைக் காட்டிப் படுத்திருந்தவர் உங்கள் பக்கம் திரும்பினால் முதலில் என்ன சொல்வார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

"........................"